பழைய பாரசீகக் கம்பளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ஜாவில் ஒரு கம்பளக் கடையின் பின்னறையில் 11 ஆண்டுகள் பழுதுபார்க்கும் வேலை செய்தேன். அறுந்த குஞ்சத்தைக் கட்டுவது, பூச்சி அரித்த இடத்தில் புதுப் பாவு இழுத்து முடிச்சுப் போடுவது, ஓரம் தைப்பது எல்லாம் அங்கே ஓர் ஈரானிய உஸ்தாதிடம் கற்றுக்கொண்டவை. ஊர் திரும்பிய பிறகும் கேள்விகள் விடவில்லை. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் வாங்கிவந்தது, தாத்தா காலத்து ஏலத்தில் எடுத்தது, கல்யாணப் பரிசாக வந்தது என்று யாராவது ஒரு கம்பளத்தின் படத்தை அனுப்பி ஏதாவது கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே, இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெர்ஷியன் கார்பெட்னா ஈரான்ல செஞ்சதா, இல்ல அந்த மாதிரி டிசைனா?

ஈரானில் கையால் நெய்தது மட்டுமே பாரசீகக் கம்பளம். 1935இல் அந்த நாட்டு அரசு இனித் தங்களை ஈரான் என்றே அழைக்க வேண்டும் என்று மற்ற நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கம்பளத்துக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஈரானியர்கள் தங்களுக்குள் ஃபர்ஷ் என்பார்கள், பெரியதைக் காலி என்றும் சிறியதைக் காலிச்சே என்றும் சொல்வார்கள்.

கடைச்சீட்டில் "பெர்ஷியன் டிசைன்" என்று இருந்தால் அது வேறு விஷயம். உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலும் பாகிஸ்தானிலும் சீனாவிலும் பாரசீக வடிவங்களை வைத்துக் கையால் நெய்கிறார்கள். அவற்றில் மிக நல்லவை உண்டு. ஆனால் அவை பதோஹிக் கம்பளம், லாகூர்க் கம்பளம். அந்தப் பெயரோடு விற்பதுதான் நெய்தவர்களுக்கும் மரியாதை.

நம்ம பவானி ஜமுக்காளத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் தறியில நெய்யறதுதானே?

தறி பொதுதான், வேலை வேறு. ஜமுக்காளத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் மட்டும்தான். ஊடை நூலே நிறத்தைக் காட்டுகிறது, பரப்பு தட்டையாக இருக்கிறது. ஈரானிலும் இப்படித் தட்டையாக நெய்யும் வகை உண்டு, அதற்குக் கிலீம் என்று பெயர். ஜமுக்காளத்தைத் தெரிந்தவர்களுக்குக் கிலீம் உடனே பிடிபடும்.

கம்பளத்தில் மூன்றாவதாக ஒரு நூல் வருகிறது. இரண்டு பாவு நூல்களைச் சேர்த்து ஒரு துண்டுக் கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு நுனிகளையும் முன்பக்கம் இழுத்து, கத்தியால் வெட்டிவிடுகிறார்கள். இது ஒரு முடிச்சு. ஒரு வரிசை முழுக்க இப்படிப் போட்டபின் ஒன்றிரண்டு ஊடை நூலைக் குறுக்கே விட்டு, இரும்புப் பல் வைத்த சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். பிறகு அடுத்த வரிசை. நாம் காலால் மிதிப்பது லட்சக்கணக்கான வெட்டிய நூல்நுனிகளைத்தான்.

மெஷின்ல செஞ்சதா கையில செஞ்சதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திருப்பிப் போடுங்கள். கம்பளம் தொடர்பாக நான் சொல்வதில் பாதி இந்த இரண்டு சொற்கள்தான். கையால் நெய்ததில் முன்பக்கம் உள்ள பூவும் கொடியும் பின்பக்கமும் அதே தெளிவோடு தெரியும். முடிச்சுகள் ஒன்றுக்கொன்று துளி வித்தியாசமாக இருக்கும், வரிசை சற்றே ஏறி இறங்கும். இயந்திரத்தில் செய்ததில் பின்பக்கம் அளவெடுத்த மாதிரி ஒரே சீராக இருக்கும், அல்லது துணியோ ரப்பரோ ஒட்டி மறைத்திருக்கும்.

அடுத்தது குஞ்சம். கைக் கம்பளத்தின் குஞ்சம் தனியாகத் தைத்தது இல்லை. தறியில் கட்டிய பாவு நூலின் மிச்சமே அது, கம்பளத்துக்குள்ளிருந்தே வெளியே வரும். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: பழைய கம்பளத்தில் குஞ்சம் தேய்ந்துபோய்ப் புதிதாகத் தைத்திருப்பார்கள். நானே நூற்றுக்கணக்கில் தைத்திருக்கிறேன். அதனால் குஞ்சத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

எத்தனை வருஷம் ஆனா 'ஆன்டிக்'னு சொல்லலாம்?

வியாபார வழக்கில் 100 ஆண்டு. 50க்கும் 100க்கும் இடையில் இருப்பதை 'செமி ஆன்டிக்' என்பார்கள், இந்தக் கீழ் எல்லை கடைக்குக் கடை மாறும். வயதை ஊர்ப்பெயரோடு சேர்த்துப் பாருங்கள். கும், நாயின் இரண்டும் இன்று புகழ்பெற்ற கம்பள ஊர்கள். ஆனால் அங்கே கம்பளத் தொழில் வேரூன்றியது 1930களை ஒட்டித்தான். ஆகவே "150 வருஷத்துக் கும் பட்டுக் கம்பளம்" என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஒரு கம்பளம் நெய்ய நிஜமாவே வருஷக்கணக்குல ஆகுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேர்ந்த கை ஒன்று நாளொன்றுக்கு 8,000 முதல் 10,000 முடிச்சு போடும் என்பது தொழிலில் சொல்லும் அளவு. 2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளம், 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 40 முடிச்சு என்ற நடுத்தர நெசவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,60,000 முடிச்சு. ஒருவரே நெய்தால் ஏறக்குறைய 100 வேலைநாள். அதே அளவில் 10 சென்டிமீட்டருக்கு 80 என்று நெருக்கினால் 38 லட்சத்தைத் தாண்டும். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் உட்கார வேண்டும்.

இது முடிச்சு போடும் நேரம் மட்டும். ஆட்டு மயிரைக் கத்தரித்து, கழுவி, சீவி, நூற்று, சாயம் போட்டு, பாவு கட்டுவதெல்லாம் அதற்கு முந்தைய வேலை. நகரத்துப் பட்டறைகளில் ஓவியர் ஒருவர் கட்டம்போட்ட தாளில் வடிவத்தை வரைந்து தருவார். அந்தத் தாளுக்கு நக்ஷே என்று பெயர். ஒரு கட்டம் ஒரு முடிச்சு. சில பட்டறைகளில் ஒருவர் அதைப் பார்த்து எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று ராகம்போட்டுப் படிக்க, தறியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டபடி போடுவார்கள். நாற்று நடும்போது ஒருவர் பாடி மற்றவர்கள் தொடர்வதைக் கண்டவர்களுக்கு இது அந்நியமாக இராது.

துருக்கி முடிச்சு, பாரசீக முடிச்சுன்னு ரெண்டு இருக்காமே? பாரசீகக் கம்பளத்துல பாரசீக முடிச்சுதானே இருக்கணும்?

இருக்க வேண்டியதில்லை. நூல் இரண்டு பாவையும் முழுதாகச் சுற்றி நடுவில் இரண்டு நுனியும் ஒன்றாக வெளிவந்தால் அது சமமுடிச்சு, இதைத் துருக்கி முடிச்சு என்கிறார்கள். ஒரு பாவை மட்டும் சுற்றி, அடுத்ததன் பின்னால் போய் வெளிவந்தால் அது பாரசீக முடிச்சு. தப்ரீஸ், ஹெரீஸ், பீஜார் எல்லாம் ஈரானில்தான் இருக்கின்றன, எல்லாமே சமமுடிச்சு. பாரசீக முடிச்சுக்கு இன்னொரு பெயர் சென்னே முடிச்சு. குர்திஸ்தானில் சனந்தஜ் என்று இன்று அழைக்கப்படும் ஊரின் பழைய பெயர் சென்னே. அந்த ஊர்க்காரர்கள் நெய்வதும் சமமுடிச்சுதான்! பெயர்கள் ஐரோப்பிய வியாபாரிகள் வைத்தவை, தறிக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது மூன்றாவது ஒன்றை. ஜுஃப்தி என்பது இரண்டு பாவில் போட வேண்டிய முடிச்சை நான்கு பாவில் போடுவது. வேலை பாதியாகும், நூலும் மிச்சம், ஆனால் அடர்த்தி போய்விடும், கம்பளம் சீக்கிரம் தேயும்.

இந்தக் கலை எவ்வளவு பழசு?

கையில் கிடைத்திருக்கும் முழுக் கம்பளங்களில் மிகப் பழையது 'பாசிரிக் கம்பளம்'. 1949இல் செர்கேய் ருடென்கோ என்ற ரஷ்யத் தொல்லியலாளர் சைபீரியாவின் அல்த்தாய் மலையில் ஒரு தலைவனின் புதைகுழியைத் தோண்டியபோது கிடைத்தது. பழங்காலத்திலேயே திருடர்கள் அந்தக் குழியைத் துளைத்திருந்தார்கள். துளை வழியே நீர் இறங்கி உறைந்தது, அந்தப் பனிக்கட்டி கம்பளத்தை ஏறக்குறைய 2,400 ஆண்டு காப்பாற்றியது. ஏறத்தாழ 2 மீட்டர் சதுரம், ஓரத்தில் குதிரை வீரர்களும் மான்களும் வரிசையாகப் போகிறார்கள். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அது பாரசீகத்தில் நெய்யப்பட்டதா, ஆர்மீனியாவிலா, அந்தப் பகுதி நாடோடிகளே நெய்ததா என்று அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. என்னை ஈர்ப்பது வேறு. அந்த நெசவு ஒரு தொடக்கக்காரர் கை இல்லை. அதற்கு முன் பல தலைமுறை நெய்து தேர்ந்த கை அது. அந்த முன்னோடிகள் எல்லாம் மக்கி மண்ணாகிவிட்டன. கம்பளி அப்படித்தான், ஈரமும் பூச்சியும் விட்டுவைப்பதில்லை. அதனால் 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய பாரசீகக் கம்பளங்கள் மிகமிக அரிது.

ஆர்டபில் கம்பளம்னு ஒண்ணைப் பத்தி எல்லாரும் பேசறாங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

சஃபாவிய மன்னர்களின் காலம் (1501 முதல் 1722 வரை) பாரசீகக் கம்பளத்தின் உச்சம். அதுவரை பெரும்பாலும் நேர்கோட்டு வடிவங்களாக இருந்த கம்பளத்துக்குள், அரசவை ஓவியர்களின் வளைகொடியும் நடுப்பதக்கமும் வேட்டைக் காட்சியும் வந்தது இந்தக் காலத்தில்தான். ஷா தஹ்மாஸ்ப் ஓவியம் பயின்ற மன்னர். பின்னால் வந்த ஷா அப்பாஸ் 1598இல் இஸ்ஃபஹானுக்குத் தலைநகரை மாற்றி, அங்கே அரண்மனைப் பட்டறைகளை வைத்தார். பட்டோடு தங்க, வெள்ளிச் சரிகை சேர்த்து நெய்து ஐரோப்பிய அரசர்களுக்கு அனுப்பினார்கள்.

ஆர்டபில் கம்பளம் தஹ்மாஸ்ப் காலத்தது. சஃபாவியர்களின் மூதாதையான ஷேக் சஃபியின் அடக்கத்தலம் ஆர்டபில் ஊரில் இருக்கிறது, அங்கிருந்து வந்ததால் அந்தப் பெயர். சுமார் 10½ மீட்டர் நீளம், 5.3 மீட்டர் அகலம், ஏறக்குறைய 2.6 கோடி முடிச்சு. பாவும் ஊடையும் பட்டு, முடிச்சு கம்பளி. இவ்வளவுக்கும் வெறும் 10 நிறங்கள்! ஒரு முனையில் சின்னக் கட்டத்துக்குள் பாரசீகக் கவி ஹாஃபிஸின் கவிதை வரி: இந்த வாசலைத் தவிர உலகில் எனக்கு வேறு புகலிடம் இல்லை என்பது அதன் பொருள். அதன் கீழே, வாசலின் அடிமை மக்ஸூத் காஷானியின் பணி, 946. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1539-40.

ஒரே மாதிரி இரண்டு கம்பளங்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் நைந்துபோய் விற்கப்பட்டபோது, ஒன்றை வெட்டி மற்றொன்றைச் சரிசெய்தார்கள். முழுமையானதை ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் பரிந்துரைப்படி 1893இல் லண்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா ஆல்பர்ட், 2,000 பவுண்டுக்கு வாங்கியது. ஓரம் இழந்த மற்றொன்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. லண்டனில் நிறம் வெளுக்காமலிருக்க அரை மணிக்கு ஒருமுறை 10 நிமிடம்தான் விளக்கேற்றுகிறார்கள். வெட்டியதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. ஆனால் வெட்டாமல் விட்டிருந்தால் இரண்டுமே போயிருக்குமோ என்று பழுதுபார்க்கிறவனாகவும் யோசிக்கிறேன்.

அவ்வளவு உசரத்துல இருந்தது, நடுவுல ஏன் நின்னுபோச்சு?

1722இல் ஆஃப்கன் படை இஸ்ஃபஹானை முற்றுகையிட்டுப் பிடித்தது. அரசவை போனதும் அதை நம்பியிருந்த பட்டறைகளும் போயின. ஆனால் கிராமத்துத் தறியும் கஷ்காய், பக்தியாரி, அஃப்ஷார் போன்ற நாடோடிகளின் தரைத்தறியும் நிற்கவில்லை. இந்த 150 ஆண்டு காலம் கலையைக் கையில் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்கள். கம்பள வரலாற்றை அரசர்களின் பெயரால் மட்டும் எழுதுவதை நான் ஒப்பமாட்டேன்.

மறுபடி எழுந்தது 1870களுக்குப் பிறகு. அதற்குச் சற்று முன் பட்டுப்புழு நோய் வந்து ஈரானின் பட்டு ஏற்றுமதி சரிந்திருந்தது, வியாபாரிகளுக்கு வேறு சரக்கு தேவைப்பட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வீடுகளில் கம்பளம் விரிக்கும் ஆசை வந்தது. தப்ரீஸ் வியாபாரிகள் முதலில் பழையவற்றைச் சேகரித்து அனுப்பினார்கள், அது தீர்ந்ததும் புதிதாக நெய்விக்கத் தொடங்கினார்கள். மான்செஸ்டரைச் சேர்ந்த சீக்ளர் நிறுவனம் சுல்தானாபாதில், அதாவது இன்றைய அராக்கில், வீடுவீடாக நூலும் வடிவமும் கொடுத்து நெய்து வாங்கியது. இன்று சந்தையில் 'ஆன்டிக்' என்று புழங்குபவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டாம் எழுச்சியின் குழந்தைகள்.

பழசுல எல்லாமே இயற்கைச் சாயம்தானே?

1856இல் பெர்கின் என்ற வேதியியலாளர் லண்டனில் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அனிலின் எனும் இவ்வகைச் செயற்கைச் சாயங்கள் ஈரானுக்குள் வந்துவிட்டன. மலிவு, எளிது, ஆனால் வெயிலில் வெளுத்தது, தண்ணீரில் ஓடியது. அரசே தடை போட்டும் கள்ளத்தனமாக வந்துகொண்டிருந்தது. ஆக, 1890இல் நெய்த கம்பளத்தில் அனிலின் நிறம் இருப்பது சாத்தியம். வயது இருப்பதால் மட்டும் சாயம் இயற்கை என்று ஆகிவிடாது.

இயற்கைச் சாயங்களில் சிவப்பு ரூனாஸ் செடியின் வேரிலிருந்து வரும். நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி அதன் நெருங்கிய உறவு. நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு எஸ்பரக் என்ற செடி, பழுப்புக்கு வால்நட் பச்சைத் தோடு, மாதுளைத் தோல். நூல் நிறத்தைப் பிடித்துக்கொள்ள முதலில் படிகார நீரில் ஊறவைப்பார்கள். கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் இரும்பு சேர்ப்பார்கள், அந்த இரும்பு காலப்போக்கில் கம்பளியை அரிக்கும். அதனால் பழைய கம்பளத்தில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகவும் மற்ற நிறங்கள் மேடாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே விரலுக்குத் தெரியும். நான் அதிகம் நம்பும் அடையாளங்களில் இது ஒன்று.

சோதிக்க: நூல்நுனிகளை விரலால் பிரித்து அடிவேரைப் பாருங்கள். நுனி வெளிறி, அடியில் பளீரென்ற ஆரஞ்சோ ஊதாவோ இருந்தால் பழைய அனிலின் என்று சந்தேகப்படலாம்.

நடுவுல நீலம் திடீர்னு வேற நீலமா மாறுது. சாயம் போயிடுச்சா?

இல்லை, அதற்கு அப்ரஷ் என்று பெயர். கையால் சிறு சிறு கட்டாகச் சாயம் போடும்போது ஒரு கட்டு போலவே இன்னொன்று வராது. நாடோடிக் குடும்பம் ஒரு மேய்ச்சல் நிலத்தில் போட்ட சாயம் தீர்ந்து, அடுத்த இடத்தில் வேறு தண்ணீரில் போட்டிருக்கும். மாற்றம் நெசவு வரிசையின் திசையில், குறுக்கே பட்டையாக வரும். எனக்கு அப்ரஷ் இல்லாத நாடோடிக் கம்பளம் வெறிச்சென்று தோன்றும். திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் மட்டும் அது கறை அல்லது வெளுப்பு.

கடவுள் மட்டுமே குறையில்லாதவர்ங்கிறதால வேணும்னே ஒரு தப்பு வைப்பாங்களாமே?

அழகான கதை. கடையில் நானே பலமுறை விற்பனையாளர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், நெய்பவர் வாயிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உஸ்தாதிடம் கேட்டேன். பத்து லட்சம் முடிச்சு போடும் ஒருவருக்குத் தவறை வேண்டுமென்று வைக்க வேண்டிய அவசியம் வராது, அதுவாகவே வரும் என்றார். குழந்தை அழும், வெளிச்சம் மங்கும், நூல் தீரும். அந்த இடங்களைத்தான் நாம் பிறகு கண்டுபிடிக்கிறோம்.

முடிச்சு எண்ணிக்கை அதிகமா இருந்தா விலையும் அதிகம்தானே?

ஒரே ஊர், ஒரே காலம், ஒரே வகை என்றால் ஓரளவு உண்மை. தப்ரீஸில் ரஜ் என்ற அளவு உண்டு: ஏறக்குறைய 7 சென்டிமீட்டரில் எத்தனை முடிச்சு என்ற எண். 50 ரஜ் நல்ல நெசவு, 70 மிக நுண்ணியது. நாயினில் 'லா' என்பார்கள், அது பாவு நூலின் இழை எண்ணிக்கை. அங்கே எண் குறையக் குறையத்தான் நுண்மை, 6 லா 9 லாவை விட உயர்ந்தது. இது தெரியாமல் "பெரிய நம்பர்" கேட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஊர் மாறினால் இந்தக் கணக்கு உடையும். ஹெரீஸ் முரட்டு நெசவு, பெரிய கோண வடிவங்கள், ஆனால் நல்ல பழைய ஹெரீஸுக்கு இன்றைய மிக நுண்ணிய பட்டுக் கம்பளத்தை விட மதிப்பு அதிகம் கிடைப்பதுண்டு. பீஜாரில் ஊடையை அடித்து அடித்து இறுக்குவார்கள், 'ஈரானின் இரும்புக் கம்பளம்' என்றே பெயர், அதை மடிக்கக்கூடக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். நிறத்தின் ஆழம், வடிவத்தின் உயிர், நிலைமை, அரிதான தன்மை இவையெல்லாம் சேர்ந்ததுதான் மதிப்பு. 2013இல் நியூயார்க்கின் சோதபீஸ் ஏலத்தில் 17ஆம் நூற்றாண்டுக் கிர்மான் கம்பளம் ஒன்று 3.37 கோடி டாலருக்கு மேல் போனது. இலைக்கொடி வளைந்து ஓடும் அந்தச் சிவப்புப் பரப்பைப் படத்தில் பார்த்தாலே, முடிச்சு எண்ணுவது இரண்டாம் பட்சம் என்று புரியும்.

பட்டுன்னு சொல்லித்தான் வித்தாங்க. எப்படிச் சோதிக்கிறது?

குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையும், முடிந்தால் நூல்நுனியிலிருந்து இரண்டு மயிரளவும் எடுத்து நெருப்பில் காட்டுங்கள். பட்டும் கம்பளியும் தலைமுடி கருகும் வாடை வரும், பொடியும் கரிமணியாகும். காகிதம் எரியும் வாடை வந்தால் அது பருத்தியோ விஸ்கோஸோ. உருகிக் கெட்டியானால் பாலியெஸ்டர். குஞ்சம் மட்டும் பட்டாக இருந்து மற்றது வேறாக இருப்பதும் உண்டு, அதனால் இரண்டையும் சோதியுங்கள். கம்பளத்தின் மேலேயே தீக்குச்சியைக் கொண்டுபோக வேண்டாம், அப்படிச் சுட்ட ஓட்டைகளையும் நான் அடைத்திருக்கிறேன்.

முன்பக்கம் கரும்சிவப்பு, பின்பக்கம் ரோஸ். ஏமாத்திட்டாங்களா?

கம்பளம் அராக் பக்கத்துச் சாரூக் வகை, 1920களை ஒட்டியது என்றால் இதற்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. அப்போது அமெரிக்க வீடுகளுக்கு ஆழ்ந்த சிவப்பும் பளபளப்பும் பிடித்தது. வந்த கம்பளங்களை அங்கே ரசாயனத்தில் கழுவிப் பளபளப்பாக்கினார்கள். அதில் சிவப்பு வெளிறிவிடவே, தூரிகையால் கரும்சிவப்பைக் கையாலேயே தீட்டினார்கள், பூ, இலையெல்லாம் விட்டு அடிப்பரப்பில் மட்டும். பின்பக்கத்தில் பூச்சு ஏறாததால் அங்கே அதன் சொந்த ரோஸ் நிறம் தெரிகிறது. இதை 'அமெரிக்கன் சாரூக்' என்றே சந்தை அழைக்கிறது. பின்னாளில் பலர் அந்தப் பூச்சை நீக்கிப் பழைய ரோஸையே விரும்பி வாங்கினார்கள்.

வேறு வகைக் கம்பளத்தில் இப்படி இருந்தால், தேய்ந்த இடத்தை மறைக்க மையோ சாயமோ தடவியிருக்கலாம். ஈர வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்தால் அநேகமாகத் தெரிந்துவிடும்.

ஓரத்துல 1315ன்னு அரபி எழுத்துல நெய்திருக்கு. அப்போ 700 வருஷப் பழசா?

இதைக் கேட்காத மாதமில்லை. அது நம் ஆண்டுக் கணக்கு இல்லை. ஹிஜ்ரி சந்திர ஆண்டு என்றால், எண்ணில் நூற்றுக்கு மூன்றைக் கழித்து 622ஐக் கூட்டுங்கள். 1315க்கு ஏறக்குறைய 1897 வரும். ஆனால் ஈரான் 1925இல் சூரிய ஆண்டுக் கணக்கை அதிகாரபூர்வமாக ஏற்றது. அந்தக் கணக்கில் 621ஐக் கூட்டினால் போதும், அதே 1315 என்பது 1936 ஆகிவிடும். 40 ஆண்டு வித்தியாசம், ஒன்று ஆன்டிக், மற்றது இல்லை. எது என்று எண் சொல்லாது, சாயமும் நெசவும் வடிவமும்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் கவனம் வேண்டிய இடம்: பாரசீக எழுத்தில் 2க்கும் 3க்கும் ஒரு பல் மட்டுமே வித்தியாசம். நாலைந்து முடிச்சைப் பிடுங்கி மாற்றினால் 1340 என்பது 1240 ஆகும், கம்பளத்துக்கு ஒரே மதியத்தில் நூறு வயது கூடும். திருப்பிப் போட்டு அந்த எண்ணைச் சுற்றியுள்ள முடிச்சுகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிற்பாடு போட்ட முடிச்சின் நிறமும் இறுக்கமும் தனித்துத் தெரியும். தேதி இல்லாத கம்பளங்களே மிக அதிகம், அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

சின்னப் பசங்களை வச்சு நெய்தாங்கன்னு சொல்றாங்களே, அதை வாங்கறது சரியா?

நடந்தது உண்மை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிர்மான் போன்ற ஊர்களின் பட்டறைகளில் சிறுவர், சிறுமியர் இருட்டறைகளில் நாள் முழுக்கக் குந்தியிருந்து உடல் கோணிப்போன வேதனை அக்காலப் பதிவுகளில் இருக்கிறது. வீட்டுத் தறியில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற மகளின் கதையும் இருக்கிறது. ஒரு பழைய கம்பளத்தைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல முடியாது.

புதிதாக வாங்குபவர்கள் கட்டாயம் கேளுங்கள், யார் நெய்தது, கூலி என்ன என்று. பழையதைப் பொறுத்தவரை, அதைக் குப்பையாக்குவது அந்தக் குழந்தைகளுக்கு எந்த நியாயமும் செய்யாது என்பது என் எண்ணம். நெய்த கையை மறக்காமல் வைத்திருப்பதே என்னால் முடிந்தது.

நம்ம பக்கம் இந்தக் கலை வந்ததே இல்லையா?

வந்தது. அக்பர் பாரசீக நெசவாளர்களை வரவழைத்து ஆக்ராவிலும் லாகூரிலும் பட்டறை வைத்தார். தெற்கே, முன்பு சென்னை மாகாணத்தில் இருந்த ஏலூரில் பாரசீக வழிவந்த குடும்பங்கள் கம்பளம் நெய்தன, அந்தத் தொழில் இன்றும் அங்கே மிச்சமிருக்கிறது. தக்காணத்துக் கம்பளங்கள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து டச்சுக் கப்பல்களில் ஜப்பான் போயின. கியோட்டோவில் ஆண்டுதோறும் நடக்கும் கியோன் திருவிழாவில், தேர்களைப் போர்த்தும் துணிகளுக்கு நடுவே அவை இருக்கின்றன.

துவைக்கலாமா? சென்னை வெக்கையில எப்படிப் பாதுகாக்கிறது?

வாஷிங் மெஷின், பிளீச், சாதாரணச் சலவைக்கடை மூன்றும் வேண்டாம். ஒரு சலவைக்கடையில் கொடுத்த கஷ்காய்க் கம்பளம் ஒன்று, சிவப்பு முழுக்க வெள்ளைக்குள் ஓடி என்னிடம் வந்தது. அதற்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை, இன்னும் உறுத்துகிறது. கழுவும் முன் ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒட்டினால் தண்ணீர் படக்கூடாது.

எதிரி அந்துப்பூச்சிதான். அது நடமாட்டம் உள்ள இடத்தில் வராது. சோபாவுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மாசக்கணக்கில் அசைக்காத மூலையில் முட்டையிடும். மாதம் ஒருமுறை திருப்பிப் போட்டு இருபக்கமும் தூசி எடுங்கள், குஞ்சத்தில் தூசி உறிஞ்சும் மெஷினை வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றி விரியுங்கள். எடுத்துவைப்பதானால் நன்றாகச் சுத்தம் செய்து, காயவைத்து, சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பாவு நூல் மக்கும். மக்கிய பாவு மடக்கினால் பட்டென்று ஒடியும், அதற்குப் பிறகு பழுது பார்ப்பதும் கடினம்.

கிழிஞ்சதைத் தச்சா மதிப்பு போயிடுமா?

நல்ல கையால் செய்தால் போகாது, செய்யாமல் விட்டால்தான் போகும். ஓரமும் முனையும் அவிழத் தொடங்கியதும் உடனே கட்டிவிடுங்கள், அது சிறு செலவு. ஓட்டைக்குப் பசை போட்டுத் துணி ஒட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள், அதைப் பிரிக்கவே இரண்டு மடங்கு வேலை. மிகப் பழைய, அரிய கம்பளம் என்றால் தேய்ந்த இடத்தில் புது முடிச்சு போடாமல், மேலும் கெடாமல் நிறுத்திவைப்பது போதும்.

தாத்தாவோடது ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல இருக்குற பொண்ணுக்கு அனுப்பலாமா?

இரண்டு தடைகள் உள்ளன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கைவினைப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அவ்வளவு வயதில்லை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்று வாங்க வேண்டிவரும். அமெரிக்கா ஈரானியக் கம்பளங்களை 1987இல் தடுத்தது, 2000இல் விட்டது, 2010இல் மறுபடி தடுத்தது, 2016இல் தளர்த்தியது, 2018இல் திரும்ப இறுக்கியது. அனுப்பும் வாரத்தில் என்ன விதி என்று இரு பக்கச் சுங்கத்திலும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அதற்கு முன் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலை வெளிச்சத்தில் விரித்து முழுப்படம் ஒன்று, நான்கு மூலை, குஞ்சம், ஓரம், அப்புறம் பின்பக்கம் ஓர் அளவுகோல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று எடுங்கள். தாத்தா எப்போது, எங்கே வாங்கினார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதை எழுதி வையுங்கள். பழைய ரசீதோ, கம்பளம் பின்னணியில் இருக்கும் கல்யாணப் போட்டோவோ கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அப்படி ஒரு போட்டோவின் தேதியை வைத்தே காஷான் ஊர்க் கம்பளம் ஒன்றின் வயதை நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.